இரவல் மூக்கு

1

அப்பா போன நாள் வந்தால் தம்பி செல்வம் வேலூரிலிருந்து வீடியோ கால் போட்டுவிடுவான். அங்கே விளக்கு வைக்கிற நேரம், இங்கே கலிஃபோர்னியாவில் எங்கள் டப்ளினில் விடிகிற நேரம். இந்த வருஷமும் போட்டான். ஹாலில் அப்பா படம், மாலை, இலையில் வடை, பாயசம், கறிக்குழம்பு. இலைக்குப் பக்கத்தில் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் பிராந்தியும் ஒரு கட்டுப் பீடியும். பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தே வைத்திருந்தான்.

"மூடிய ஏன்டா தொறந்து வெச்ச?"

"மூடி இருந்தா அவரு எப்பிடிண்ணே எடுத்துக்குவாரு? வாசனைதான அவருக்குப் போவும்?"

"உசுரோட இருந்தப்ப குடிச்சது பத்தலையா? அந்தக் கருமத்த எடுத்து ஓரமா வைடா."

"நீ அங்க குந்திக்கினு ஆர்டர் போடாதண்ணே. வருஷத்துக்கு ஒரு நாளு, அவருக்குப் புடிச்சத வெக்கறோம். உனக்குப் புடிச்சதையா வெப்பாங்க?"

சொல்லிவிட்டு கற்பூரத்தைக் கொளுத்தப் போய்விட்டான். போனை யாரோ சின்னப் பெண் கையில் கொடுத்துவிட்டுப் போக, அது கூரையையும் ஃபேனையும் காட்டிக்கொண்டே இருந்தது. மணிச் சத்தம் கேட்டது. யாரோ 'கொழம்புக்கு உப்பு பத்தல' என்றார்கள். பிறகு கால் கட் ஆனது. நான் இங்கே லுங்கியோடு டைனிங் டேபிளில் உட்கார்ந்து இருட்டான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நான் மட்டும்தான். மகள் நிலாவுக்கு நியூஜெர்சியில் பிரசவம் என்று மனைவி மல்லிகா ஆகஸ்டிலேயே போய்விட்டாள். ஃப்ரீசரில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் என்று பேர் ஒட்டி டப்பா டப்பாவாக அடுக்கிவிட்டுப் போனாள். அவையும் தீர்ந்துபோய் இப்போது பிரெட்டில் ஓடுகிறது. பாத்திரம் கழுவும் மெஷின் வேலை முடிந்ததும் பீப் என்று கத்தும். வாரக் கடைசியில் இந்த வீட்டில் என்னைக் கூப்பிடுகிற குரல் அது ஒன்றுதான். நானும் 'வரேன் வரேன், கத்தாத' என்று அதற்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். இதை மல்லிகாவிடம் சொன்னால் டிக்கெட் போட்டுக் கிளம்பி வந்துவிடுவாள் என்று சொல்லவில்லை.

ஒரு வருஷம் இந்த நாளுக்கு லீவ் கேட்டு 'ஃபாதர்ஸ் ஆனிவர்சரி' என்று மெயில் போட்டேன். 'உங்கள் பெற்றோருக்கு என் வாழ்த்துகள்' என்று மேனேஜர் பதில் அனுப்பினார். அதற்குப் பிறகு லீவே கேட்பதில்லை. இந்தத் தடவை நல்ல வேளையாகச் சனிக்கிழமை.

2

நம் ஊரில் பிராந்தி என்பது ஒரு பானத்தின் பெயரா என்ன? குடிக்கே அதுதான் பெயர். ரம் விற்றாலும் பீர் விற்றாலும் அது பிராந்திக் கடைதான். குடிக்காத வீட்டிலும் பீரோவுக்குள், சளிக்கு என்று சொல்லி, ஒரு சின்ன பாட்டில் ஒளிந்திருக்கும். பிரான்ஸில் கோன்யாக் என்ற ஒரு வட்டாரத்தில், அங்கே விளைந்த திராட்சையில், இன்ன முறையில் இறக்கினால்தான் அந்தப் பெயரைப் போடலாம், கலிஃபோர்னியாவில் அதே முறையில் அதே மாதிரிப் பானையில் இறக்கினாலும் வெறும் பிராந்தி என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் பின்னாளில் என் பையனால் எனக்குத் தெரிந்தது.

என் அப்பா குடித்தது கரும்பாலைக் கழிவுப் பாகில் இறக்கிய சாராயம். அதில் கொஞ்சம் கலர், கொஞ்சம் எசென்ஸ். லேபிளில் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்கும். பாட்டிலுக்குள் ஒரு திராட்சையாவது விழுந்திருந்தால் அதிசயம். லாரி புக்கிங் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர், நல்ல கையெழுத்து, நல்ல பாட்டு, நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். கல்லீரல் வெந்து செத்தார்.

நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, 'நீங்கள் எப்போதாவது தொடர்ந்து குடித்துக்கொண்டிருந்தவரா' என்று ஒரு கேள்வி இருந்தது. 'இல்லை' என்பதில் நான் அழுத்திய அழுத்தத்தில் பேனா அடுத்த தாளிலும் பதிந்தது. சேவிங்ஸ், வீடு, வேலை எதைப் பற்றியும் எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

அப்படிப்பட்டவன் வயிற்றில் பிறந்த என் மகன் முகிலன், கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து சான் ஹோசேயில் நல்ல கம்பெனியில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, ஒரு நாள் வந்து நின்று, வேலையை விட்டுவிட்டேன், வடக்கே ஒரு சின்ன பிராந்தி டிஸ்டில்லரியில் சேர்ந்திருக்கிறேன் என்றான்.

"சாராயம் காய்ச்சப் போறேன்னு தமிழ்ல சொல்லுடா. எதுக்கு டிஸ்டில்லர் கிஸ்டில்லர்னு இங்கிலீஷ்ல பூசி மொழுகற?"

"இட்ஸ் அ கிராஃப்ட், அப்பா."

"எங்க ஊர்ல அதுக்கு போலீஸ் புடிச்சிக்கினு போவும்."

தெரிந்தவர்களிடம் 'பையன் கெமிக்கல் பிராசஸ்ல இருக்கான்' என்று சொல்லி வைத்திருந்தேன். அது ஒன்றும் பொய்யில்லையே? ஒரு கிரகப்பிரவேசத்தில் ஒருவர் நேராக அவனிடமே போய், "கெமிக்கல் பிராசஸ்னு அப்பா சொன்னாரே தம்பி, எந்த கம்பெனி?" என்று கேட்டுவிட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அது அப்பாவைத்தான் கேக்கணும் அங்கிள். ஹி மேட் இட் அப்" என்றான். அன்றைக்குத் தட்டில் வாங்கிய கேசரியை அப்படியே வைத்துவிட்டுப் போனவன்தான். அப்புறம் டப்ளின் பக்கமே வரவில்லை. அம்மாவோடு தினமும் போனில் பேசுவான். நான் பக்கத்தில் இருந்தால் மல்லிகா ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிவிட்டு அடுத்த ரூமுக்குப் போவாள். ஒரே பையன். அவன் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், எனக்கு இல்லை. வயிறு எரியும், ஆனால் கூப்பிட மாட்டேன். எனக்கும் திமிர் உண்டு.

3

செல்வத்தின் கால் கட் ஆகிக் கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி அடித்தது. அவன்தான் இன்னொரு தடவை கூப்பிடுகிறான் என்று எடுத்தால், முகிலன். பேர் திரையில் தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது.

"அப்பா, ஐ நீட் யுவர் நோஸ்."

"என்னடா?"

மூக்கடைத்த குரலில் இங்கிலீஷில் கடகடவென்று சொன்னான். டிஸ்டில்லரியில் வேலை பார்ப்பது அவனும் ஓனரம்மாவும் மட்டும். அந்த அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் இருக்கிறார். முதல் தடவையாக ஒரு முழு பானையைக் காய்ச்சி இறக்குவதை இவனை நம்பி விட்டிருக்கிறார். விடியற்காலையில் அடுப்பை மூட்டியாகிவிட்டது. அப்புறம் காபி போட்டுக் குடித்தவனுக்கு வாசனையே தெரியவில்லை. ராத்திரி பிடித்த சளி மூக்கை முழுசாக அடைத்துவிட்டது. இந்த வேலையில் எல்லாவற்றையும் கருவி வைத்து அளக்கலாமாம், ஒன்றைத் தவிர. கடைசியில் நல்லது முடிந்து கெட்டது ஆரம்பிக்கிற நொடியை மூக்கு வைத்துத்தான் பிடிக்க வேண்டுமாம்.

"அடுப்ப அணைச்சுட்டு நாளைக்குப் பண்ணேன்டா."

"இந்தப் பானை காலியாகலேன்னா, அடுத்து காத்திருக்கற ஒயின் தாங்காதுப்பா. அதுல ப்ரிசர்வேட்டிவ் எதுவும் போடறதில்ல. இது கெட்டா ஐயாம் டன். ஷி வோண்ட் ட்ரஸ்ட் மி அகெய்ன்."

"உன் ஃப்ரெண்ட்ஸ்லாம்?"

"எல்லாரும் நைட் குடிச்சிருப்பாங்க. நீங்க குடிக்கறதே இல்ல. பால் திரியறதுக்கு முன்னாடியே கண்டுபிடிப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க. அம்மாதான் உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

அப்பாவின் திதியும் அதுவுமாக, சாராயம் காய்ச்சுகிற இடத்துக்குப் போய் முகர்ந்து பார் என்கிறான். போடா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் என்னை 'அப்பா' என்று கூப்பிட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! குளித்துவிட்டு, சென்ட் கிண்ட் எதுவும் போடாமல் கிளம்பினேன். அதையும் அவன்தான் சொல்லியிருந்தான்.

4

ஃப்ரீவேயில் மூன்று மணி நேரம் வடக்கே டிரைவ் பண்ணிப் போனேன். டிஸ்டில்லரி என்றதும் பெரிய ஃபேக்டரியை நினைத்துக்கொண்டு போனால், திராட்சைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே செங்கல் அடுப்பின் மேல் பெரிய செம்புப் பானை. அதன் மேல் வெங்காயம் போல ஒரு மூடி, அதிலிருந்து வளைந்து கீழே இறங்குகிற குழாய். எங்கள் வீட்டு அண்டாவைத் துலக்குவது போல அவன் அதைப் பளபளவென்று துலக்கி வைத்திருந்தான். மெலிந்திருந்தான். தாடி விட்டிருந்தான். என்னைக் கட்டிக்கொள்ள வந்து, சளி நினைவுக்கு வந்து, பாதியில் நின்றுவிட்டான்.

"சாப்டியா?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவன் அவசர அவசரமாக எனக்குப் பாடம் நடத்தினான். திராட்சையைப் பிழிந்து புளிக்க வைக்கிற ஒயின் இதற்கு மெலிசாகவும் நல்ல புளிப்பாகவும் இருக்க வேண்டும். வாயில் வைக்க முடியாது, காய்ச்சுவதற்கென்றே செய்வது. ஒரு தடவை காய்ச்சினால் கலங்கலாக ஒன்று வரும். அதைத் திரும்பக் காய்ச்சினால்தான் பிராந்தி. இரண்டாவது தடவை முதலில் வருவது தலை. அதை விலக்க வேண்டும். பிறகு மணிக்கணக்காக வருவதுதான் நெஞ்சு. பீப்பாய்க்குப் போவது அது மட்டும்தான். அதற்குப் பின்னால் வால். வாலில் கொஞ்சம் நெஞ்சோடு கலந்தாலும் எத்தனை வருஷம் பீப்பாயில் கிடந்தாலும் அந்த நாற்றம் போகாது.

"தலையை டைமும் ஆல்கஹால் மீட்டரும் வெச்சே பிரிச்சுட்டேன். வால்தான் பயம்."

அது வர நேரம் இருந்ததால் பீப்பாய் அறைக்குக் கூட்டிப்போனான். இருட்டு, சில்லென்று இருந்தது, சுவரெல்லாம் கருப்பாகப் பூஞ்சை. தண்ணீர் போல நிறமே இல்லாமல் இறங்குவது ஓக் மரப் பீப்பாயில் கிடந்துதான் இந்தப் பொன் நிறத்துக்கு வருகிறதாம். வருஷா வருஷம் கொஞ்சம் காற்றில் போய்விடும், அதை தேவதைகளின் பங்கு என்பார்களாம். 'எங்க ஊர்ல மூடியத் தொறந்து வெச்சு நாங்களே குடுத்துடுவோம்' என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கண்ணாடி பாட்டிலில் ஊற்றிவிட்டால் அதோடு அதன் வயது நின்றுவிடும் என்றான். எத்தனை வருஷம் பூட்டி வைத்தாலும் பாட்டிலுக்குள் அது முதிராது. எனக்குச் சுருக்கென்றது. நான் விமானம் ஏறிய வருஷத்து வேலூர்தான் இன்னும் என் தலைக்குள் இருக்கிறது. அங்கே போனால் வழி கேட்க வேண்டியிருக்கிறது.

பழைய பீப்பாயிலிருந்து நீளக் குழாயால் கொஞ்சம் உறிஞ்சி, வாய் குறுகின கிளாஸில் விட்டுக் கொடுத்தான். "குடிக்க வேண்டாம்ப்பா, ஜஸ்ட் ஸ்மெல். மூக்கை உள்ள விடாதீங்க, தள்ளி வெச்சுக்கோங்க."

முகர்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது பிராந்தி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உலர்ந்த பழம், ஆரஞ்சுத் தோல், வெல்லப்பாகு, அதற்கும் அடியில் பூட்டிக் கிடந்த மர அலமாரியைத் திறந்த மாதிரி ஒன்று. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் கண் விரிந்தது. அவனும் ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினான். "எனக்கு இன்னிக்கு வெறும் சூடும் கொஞ்சம் தித்திப்பும்தான் தெரியுது. நார்மலா முழுங்கின பிறகும் ரொம்ப நேரம் வாயில நிக்கும், லென்த்னு சொல்வாங்க. நீங்க சொல்றதைக் கேட்டாதான் எனக்கு ஞாபகம் வருது" என்றான். குடிக்கிறவனுக்கு மூக்கு இல்லை, மூக்கு இருக்கிறவன் குடிப்பதில்லை. நல்ல ஜோடி. ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

திரும்பி வந்ததும், வால் எப்படி இருக்கும் என்று பழக்குவதற்கு, போன வாரத்து வாலைக் கொஞ்சம் கிளாஸில் ஊற்றி நீட்டினான். "புக்ல நனைஞ்ச அட்டை, நனைஞ்ச நாய்னு போட்டிருக்கும்."

நாய் நான் வளர்த்ததில்லை. ஆனால் கிளாஸ் மூக்கருகே வந்ததும் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். புளித்த வியர்வை, அழுக்குச் சட்டைக் காலர், மூடிய ரூமில் மறுநாள் காலை. எனக்குக் குமட்டியது.

"தெரியும்டா. எடுத்துக்கினு போ."

"எப்படித் தெரியும்?"

"உங்க தாத்தா."

தாத்தாவுக்கு ஹார்ட் அட்டாக் என்றுதான் அவனிடம் சொல்லி வளர்த்திருந்தோம். பானை கொதிக்கிற சத்தத்துக்கு நடுவில் அங்கேயே நின்று சொன்னேன். அவர் எதில் செத்தார், சாயங்காலமானால் நானும் செல்வமும் எப்படிக் காதையும் மூக்கையும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், நாற்றம் லேசாக இருந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதும், கனமாக இருந்தால் பின் வாசல் வழியே பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவதும், எல்லாம்.

"இதை ஏன்ப்பா அன்னிக்கே சொல்லல?" என்றான் கடைசியில். "நீங்க என்னைப் பாத்து வெக்கப்படறீங்கன்னு நினைச்சேன்."

"வெக்கம் இல்லடா. பயம். நீயும் போயிருவியோன்னு பயம்."

அவன் மூக்கைச் சிந்திக்கொண்டான். சளியா அழுகையா என்று நான் பார்க்கவில்லை.

5

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவன் சொன்ன நேரம் நெருங்கியது. குழாயின் வாயில் ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தான். அவன் ஒரு கையை வால்வின் மேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொடுப்பான். நான் முகர்ந்து 'ம், நல்லா இருக்கு' என்பேன். கீழே ஊற்றிவிட்டு அடுத்தது. பேரிக்காய் வாசனை, ஈரப் பூ வாசனை. இன்னும் பேரிக்காய். பூ குறைகிறது. இப்போது கொஞ்சம் வைக்கோல்.

"இப்ப?"

"இன்னும் இல்ல."

ஓனரம்மாவிடம் இந்தப் பையனுடைய பேர் நிற்பதும் போவதும் என் மூக்கில் இருக்கிறது. நான் தப்பாகச் சொன்னால் அவனுக்கு இந்த இடம் போய்விடும். போனால் மறுபடி சான் ஹோசேயில் ஒரு கம்பெனிக்கு வந்துவிடுவான், வீட்டுக்கு வருவான். அந்த நினைப்பும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்த வேகத்தில் விரட்டிவிட்டேன்.

அடுத்த கிளாஸ். பேரிக்காய்க்குப் பின்னால், ரொம்ப தூரத்தில், மெல்லிசாக ஒன்று.

"நிறுத்து!"

அவன் வால்வைத் திருப்பிவிட்டான். ஓட்டம் வேறு தொட்டிக்கு மாறியது. மீட்டரை எடுத்துப் பார்த்தான், அந்த அம்மாவின் பழைய கணக்குகளோடு ஒப்பிட்டான். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினான். "கரெக்ட்ப்பா! கரெக்டா அதே இடம்!" உடனே அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, என் அப்பா பண்ணினார், என் அப்பா, என்று இங்கிலீஷில் நாலு தடவை சொன்னான்.

நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கையில் அந்தக் கடைசி கிளாஸ் இருந்தது. காலையில் குமட்ட வைத்த அதே வாசனைதான். ஆனால் இது அதன் ஆரம்பம், லேசானது, சூடாக இருந்தது. இது ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டு எழுந்து வந்த அப்பா. பரோட்டாப் பொட்டலத்தோடு பாடிக்கொண்டே வந்த அப்பா. எனக்கு டைஃபாய்டு வந்து கிடந்தபோது பக்கத்தில் படுத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார், அன்றைக்கும் அவர் மேல் இதுதான் அடித்தது. அவர் செத்த செய்தி வந்து நான் டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டை ஃபினாயில் போட்டுக் கழுவி, சட்டைகளை யார் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். எந்த மூலையிலும் அவர் வாசனை இல்லை. நல்லதாய்ப் போச்சு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அப்படித்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முகிலன் போனை வைத்துவிட்டு வந்து கிளாஸுக்குக் கை நீட்டினான்.

"முடிஞ்சுதுப்பா. யூ கேன் புட் இட் டவுன்."

நான் கொடுக்கவில்லை.

"கொஞ்சம் இருடா," என்றேன். "இப்பத்தான் வந்திருக்காரு."